முருங்கை மரத்தை வெட்டணுமா? கம்பளிப்பூச்சியை ஒழிக்க வேறு வழி இருக்கு!

ஐப்பசியில் நாலு நல்ல மழை பெய்துவிட்டால் போதும். கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையம் மாதிரி ஊர்களில் கொல்லைப்பக்கம் போகிறவர்கள், முருங்கை மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார்கள். முதல் நாள் வெறுமனே இருந்த அடிமரத்தில், மறுநாள் காலை பழுப்பு நிறத்தில் கம்பளியைச் சுற்றிவிட்டதுபோல ஏதோ அப்பிக்கொண்டிருக்கும். கிட்டப் போனால் அது அசையும். கம்பளிப்பூச்சிக் கூட்டம்!

அதற்குப் பிறகு வீட்டில் நடப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கொடியில் காய்ந்த துணியை எடுத்து உடுத்தினால் உடம்பெல்லாம் அரிப்பு. திண்ணைச் சுவரில் ஒன்று, குளியலறைக் கதவில் ஒன்று, குழந்தையின் தூளிக் கயிற்றில் ஒன்று. இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள், ‘அந்த மரத்த வெட்டிப் போட்டாத்தான் நிம்மதி’ என்று யாராவது அரிவாளைத் தேடுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பூச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. அது தெரிந்துவிட்டால் மரத்தை வெட்ட வேண்டாம், வயலுக்கு அடிக்கும் விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவரவும் வேண்டாம். ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் ஒரு நீளத் துடைப்பமுமே பெரும்பாலான வேலையை முடித்துவிடும்.

யார் இந்த விருந்தாளி?

சில ஊர்களில் மசுக்குட்டி என்பார்கள். இலங்கைத் தமிழர்கள் மயிர்க்கொட்டி என்பார்கள். பெயர் எதுவானாலும், உடம்பெல்லாம் முடியோடு ஊர்ந்து வரும் இது ஓர் அந்துப்பூச்சியின் குழந்தைப் பருவம். முருங்கையில் கூட்டமாக வருவதை வேளாண்மைத் துறையினர் ‘முருங்கைக் கம்பளிப்புழு’ என்கிறார்கள். இதன் அறிவியல் பெயர் யூப்டிரோட் மாலிஃபெரா.

இதன் தாய், இளமஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் பெரிய அந்துப்பூச்சி. மழைக்குப் பிறகு, இரவில் விளக்கு வெளிச்சத்தைத் தேடி வரும். முருங்கை இலையிலும் இளந்தண்டிலும் முட்டைகளைக் கும்பலாக இட்டுவிட்டுப் போகும். அதிலிருந்து வரும் புழுக்கள் பிரிந்து போகாமல் ஒன்றாகவே மேயும். இலையைத் தின்னும், பட்டையைச் சுரண்டும். கூட்டம் பெரிதாக இருந்தால் மரத்தையே மொட்டையடித்துவிடும். தின்று கொழுத்த பிறகு கீழே இறங்கி, மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு கம்பளிப்பூச்சியும் பழக்கம். அது மானாவாரி நிலக்கடலையில் வரும் சிவப்புக் கம்பளிப்பூச்சி. கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காடு மாவட்டத்தோடு இருந்த காலத்திலிருந்தே கடலைக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி. கோடை முடிந்து முதல் கனமழை பெய்ததும், மண்ணுக்குள் மாதக்கணக்கில் உறங்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பும். அவை இடும் முட்டையிலிருந்து வரும் புழுக்கள் ஒரு கொல்லையை முடித்துவிட்டு, அடுத்த கொல்லைக்குப் படை மாதிரி போகும். வழியில் வீடு இருந்தால் வீட்டுக்குள்ளும் வரும்.

இரண்டுக்கும் பொதுவான சங்கதி ஒன்றுதான். மழைதான் இவற்றுக்குக் கடிகாரம். மழை பெய்த கையோடு நாம் கவனித்தால் வேலை சுலபம். அடிமரம் முழுக்க அப்பிய பிறகு கவனித்தால் வேலை பத்து மடங்கு.

முருங்கை மேல் என்ன கோபம்?

‘முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு போவான்’ என்று ஒரு பழமொழி இருக்கிறது. அது சாபமல்ல, வரம் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. முருங்கையைத் தின்று வளர்ந்தவன் வயதான காலத்திலும் கோல் ஊன்றாமல் கையை வீசி நடப்பானாம். ஆனால், வீட்டு வாசலில் முருங்கை ஆகாது என்ற பேச்சும் கூடவே இருக்கிறது. அதற்குப் பேய் பிசாசு காரணமல்ல. முருங்கைக் கிளை சட்டென்று முறியும். ஏறுகிற பிள்ளை விழும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். இந்த இரண்டையும் மனதில் வைத்துப் பெரியவர்கள் சொன்னது அது. வாசலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள், வீட்டுக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெட்டினால் என்ன போகும் என்று கணக்குப் பாருங்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய உணவு அட்டவணைப்படி 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அட்டவணையில் பசும்பாலுக்கு 120 மில்லிகிராம்தான். வைட்டமின் சி 220 மில்லிகிராம். கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ-வாக உடலில் மாறும் கரோட்டினும் ஏராளம். சந்தைக்குப் போகாமல், காசு கொடுக்காமல், கையை நீட்டினால் கிடைக்கிற சத்து இது. கர்ப்பிணிப் பெண்ணும் வளரும் பிள்ளையும் இருக்கிற வீட்டில், வருடத்தில் சில வாரம் வரும் பூச்சிக்காக இதை இழப்பது நியாயமில்லை.

பகலில் கூட்டம், இரவில் மேய்ச்சல்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முருங்கைக் கம்பளிப்புழு இரவில்தான் கிளைகளுக்கு ஏறி மேயும். பகலில் வெயிலுக்கு ஒதுங்கி, அடிமரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். மொத்தக் குடும்பமும் கைக்கெட்டும் உயரத்தில், ஒரே இடத்தில்! இதைவிட நல்ல வாய்ப்பு நமக்குக் கிடைக்காது. இருபதடி உயரத்தில் இருக்கும் இலைக்கு மருந்தடிக்க யாரும் ஏற வேண்டியதில்லை.

காலை வெயில் ஏறிய பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டுங்கள். கையில் ரப்பர் உறை அல்லது கனமான பாலித்தீன் பை. கண்ணாடி இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உதிரும் முடி உங்கள் பக்கம் வராது. பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி வையுங்கள்.

2. ஓர் அகலமான வாளியில் பாதி தண்ணீர் விட்டு, இரண்டு கைப்பிடி சோப்புத்தூள் கரையுங்கள். வெறும் தண்ணீரில் புழு மிதந்து தப்பிவிடும். சோப்பு கலந்தால் மூழ்கிச் சாகும்.

3. அந்தத் தண்ணீரை முதலில் கூட்டத்தின் மேல் தெளித்து நனையுங்கள். முடி காற்றில் பறக்காது. பிறகு, வாளியை அடியில் பிடித்துக்கொண்டு நீளக் கைப்பிடி உள்ள துடைப்பத்தால் மெதுவாக வழித்துத் தள்ளுங்கள். அடிக்க வேண்டாம், நசுக்க வேண்டாம். நசுங்கினால் முடிதான் சிதறும்.

4. செத்ததை அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள். உயிர் போனாலும் முடியின் அரிப்பு போகாது. வீட்டிலிருந்து தள்ளி ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொட்டி, மண்ணைப் போட்டு மூடுங்கள்.

5. துடைப்பத்தையும் வாளியையும் கழுவி, போட்டிருந்த துணியைத் தனியாக அலசிவிட்டு, நீங்களும் குளித்துவிடுங்கள்.

ஒரே நாளில் முடியாது. மேலே தங்கிய மிச்சம் மறுநாள் இறங்கும். நாலைந்து நாள் விடாமல் பார்த்தால் கூட்டம் குறைந்துவிடும்.

இதற்குத் துணையாக இன்னொரு வேலையும் செய்யலாம். பழைய சாக்கை ஒரு சாண் அகலத்துக்குக் கிழித்து, அடிமரத்தில் இடுப்பு உயரத்தில் சுற்றி, நடுவில் ஒரு கயிறு கட்டுங்கள். சாக்கின் மேல்பாதியைக் கீழே மடித்து விட்டால் சின்னப் பாவாடைபோலத் தொங்கும். பகலில் நிழல் தேடும் புழுக்கள் அதற்குள் போய் ஒளியும். தினமும் மதியம் சாக்கைத் தூக்கி, உள்ளே இருப்பதை வாளியில் தட்டுங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு 1860-களின் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஓர் அந்துப்பூச்சி, தப்பிப் போய்க் காடுகளையே மொட்டையடித்தது. அதன் புழுக்களைப் பிடிக்க அங்கே வீட்டுக்காரர்கள் இன்றும் சாக்குதான் கட்டுகிறார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். சாக்கைக் கட்டிவிட்டு மறந்துபோனால், புழுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும்.

வருமுன் காப்பது எப்படி?

வந்த பிறகு வழிப்பதைவிட, வராமல் பார்ப்பது நல்லது. புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

மரத்தடி மண்ணைக் கொத்துங்கள். கூட்டுப்புழுக்கள் மண்ணுக்குள்தான் இருக்கும். கோடையிலும் மழைக்கு முன்பும் மரத்தைச் சுற்றிக் கொத்திவிட்டால் அவை மேலே வரும். கோழியும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்யுங்கள். முருங்கை வெட்ட வெட்டத் தழையும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்-1 போன்ற செடிமுருங்கையை, அறுவடைக்குப் பிறகு தரையிலிருந்து மூன்றடி விட்டு வெட்டுவதே வழக்கம். பழைய மரமுருங்கையானாலும் நெருக்கமான கிளைகளைக் கழித்து, உயரத்தைக் குறையுங்கள். இலை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால் முட்டைக் கும்பல் கண்ணில் படும். அந்த இலையைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால், நூற்றுக்கணக்கில் வரவேண்டிய புழுக்கள் அங்கேயே முடிந்தன. மரத்தையே வெட்டுவதற்கும் கிளையைக் கழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஓட்டின் மேலும் மாடியிலும் உரசும் கிளையை முதலில் வெட்டுங்கள். வீட்டுக்குள் புழு இறங்குவதற்கு அதுதான் பாலம். ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். துணிக்கொடியையும் கயிற்றுக் கட்டிலையும் மரத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். மழை முடியும்வரை தூளியை மரத்தில் கட்டவே வேண்டாம்.

வெளிவிளக்கைக் கவனியுங்கள். மழை ஓய்ந்த இரவுகளில் வாசல் பல்பு விடிய விடிய எரிந்தால், அந்துப்பூச்சிக்கு நாமே அழைப்பு வைத்த மாதிரி. தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள். இதையே பொறியாகவும் மாற்றலாம். வீட்டிலிருந்து தள்ளி ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் சோப்புத் தண்ணீர் நிறைந்த அகலத் தொட்டியை வையுங்கள். மின்வயரில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்ததும் விளக்குப்பொறி வைக்கச் சொல்வது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைகளில் ஒன்று.

மருந்து வேண்டும் என்றால்...

புழு சின்னதாக இருக்கும்போது வேப்பங்கொட்டைக் கரைசல் கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி அடியுங்கள். மீன் எண்ணெய் ரோசின் சோப்பு கிடைத்தால் லிட்டருக்கு 25 கிராம் என்ற அளவில் கரைத்து அடிக்கலாம்.

பி.டி. என்ற பாக்டீரியா மருந்தும் கடைகளில் கிடைக்கிறது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது முழுப் பெயர். 1901-ல் ஜப்பானில், பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் சாவது ஏன் என்று தேடிய இஷிவாட்டா என்ற விஞ்ஞானி இதைக் கண்டார். பட்டுக்காரர்களுக்கு எமனாக இருந்தது, தோட்டக்காரர்களுக்குத் துணையாகிவிட்டது. புழு இதைத் தின்றால்தான் சாகும் என்பதால் இலை நன்றாக நனைய வேண்டும். வெயிலில் வீரியம் குறைந்துவிடும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். அளவு டப்பாவிலேயே இருக்கும். பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள் இருந்தால் இதைத் தொடவே தொடாதீர்கள்.

எதை அடித்தாலும் ஒரு வாரம் அந்த மரத்துக் கீரையைப் பறிக்க வேண்டாம். பூச்சி உட்கார்ந்த கிளையின் கீரையைக் குழம்புக்கும் பொரியலுக்கும் எடுக்காதீர்கள். மற்ற கிளையில் பறித்ததை வெளியிலேயே உதறி, மூன்று நாலு தண்ணீரில் அலசி, ஒவ்வொரு காம்பாகப் பார்த்து உருவுங்கள்.

இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம்

தீப்பந்தம்: அடிமரத்தில் கிடக்கும் கூட்டத்தைத் தீப்பந்தத்தால் பொசுக்குவது பழைய வழக்கம். தோப்புகளுக்கு வேளாண் பரிந்துரையிலும் இது உண்டு. ஆனால், கூரை வீடும் வைக்கோல் போரும் மாட்டுக்கொட்டகையும் நெருக்கமாக இருக்கும் கொல்லையில் இது ஆபத்து. பட்டையும் வெந்துபோகும். பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது அதைவிட ஆபத்து. தீ நம் கைக்கே திரும்பும்.

வயல் மருந்து: 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு, பல விவசாயி வீடுகளில் ஏதாவது ஒரு பூச்சிமருந்து பாட்டில் இருக்கிறது. ‘அதுல கொஞ்சம் மீந்திருக்கு, முருங்கைக்கு அடிச்சுடலாம்’ என்று தோன்றும். அந்த மரத்துக் கீரையைத்தான் அடுத்த வாரம் பிள்ளைக்குச் சமைத்துப் போடப்போகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வராது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தச் சமையல் எண்ணெயில் கலந்திருந்தது இதே மோனோகுரோட்டோபாஸ். சமையல்கட்டும் பூச்சிமருந்தும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. மீந்த பாட்டில் பூட்டிய இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். காலி பாட்டிலைக் கழுவி எண்ணெய் ஊற்றும் பழக்கமும் வேண்டாம்.

காய்ந்த துடைப்பம்: உலர்ந்த புழுவையும் அது உரித்த சட்டையையும் வெறும் துடைப்பத்தால் சரசரவென்று பெருக்கினால், முடி வீடெல்லாம் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

மேலே பட்டுவிட்டால்?

கம்பளிப்பூச்சி கடிப்பதில்லை. அதன் முடி நம் தோலில் குத்தி உடைந்து உள்ளே தங்குகிறது. அதனால்தான் அரிப்பும் தடிப்பும். பட்டதும் கை தானாகத் தேய்க்கப் போகும். அங்கேதான் தப்பு நடக்கிறது. தேய்த்தால் முடி இன்னும் ஆழமாகப் போகும். தேய்த்த கை கண்ணுக்குப் போனால் அங்கேயும் ஒட்டும்.

முதலில் புழுவை ஒரு காகிதத்தாலோ குச்சியாலோ தூக்கி அப்புறப்படுத்துங்கள். பிறகு, செல்லோ டேப் அல்லது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைப் பட்ட இடத்தில் ஒட்டி, மெதுவாக உரித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு. நாலைந்து முறை செய்தால் முடி டேப்போடு வந்துவிடும். அதன் பிறகு சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் கட்டி எரிச்சலைக் குறைக்கும். காலமைன் லோஷன் தடவலாம். அரிப்பு அடங்காவிட்டால் அலர்ஜி மாத்திரை உண்டு. குழந்தைகளுக்கு அதை டாக்டரிடம் அளவு கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். போட்டிருந்த துணியை உடனே மாற்றிவிடுங்கள்.

வீட்டு வைத்தியம்? வெற்றிலையைக் கசக்கித் தேய்ப்பது, திருநீறு பூசித் தேய்ப்பது, கம்பளித் துணியால் தேய்ப்பது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாவற்றிலும் தேய்ப்பதுதான் சிக்கல். முடியை டேப்பால் எடுத்த பிறகு குளிர்ச்சிக்கு எதையாவது மேலாகத் தடவுவது வேறு. சொறிந்து புண்ணான இடத்தில் சாணம் பூசாதீர்கள். ரணஜன்னிக் கிருமி சாணத்தில் இருக்கக்கூடும்.

கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. மரத்தடியில் படுத்திருப்பவர், பைக்கில் போகிறவர் கண்ணில் ஒரு முடி விழுந்தாலும் கண் சிவக்கும், நீர் வடியும், மணல் அறுப்பதுபோல இருக்கும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. சில நேரம் முடி கண்ணுக்குள்ளேயே நகர்ந்து போய், மாதக்கணக்கில் தொல்லை கொடுக்கும். ‘ஆப்தால்மியா நோடோசா’ என்று இதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது. கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரை விட்டு அலசி, அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கண்ணில் தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். மருத்துவர் கருவி வைத்துப் பார்த்துத்தான் அந்த முடியை எடுக்க முடியும்.

தவழும் குழந்தை புழுவை வாயில் போட்டுவிட்டால், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் அழும். வாயைக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். யாருக்காவது மூச்சு இரைத்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, தலைசுற்றி வாந்தி வந்தாலோ யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாமே எதிரி இல்லை

கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பதும் ஒரு புழுதான். கொஞ்ச நாளில் பச்சையாகி, பிறகு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியாகப் பறந்துபோகும். அரளியிலும் நந்தியாவட்டையிலும் பெரிய கண் வரைந்ததுபோல இருக்கும் பச்சைப் புழுவும் யாரையும் அரிக்க வைக்காது. முடியும் முள்ளும் இல்லாத புழுவைக் கண்டால் பயப்பட வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 2019-ல் ‘தமிழ் மறவன்’ நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரு காலத்தில் புழுவாக இருந்ததுதானே!

கம்பளிப்பூச்சியைத் தின்னவும் ஆள் இருக்கிறது. பெரும்பாலான பறவைகள் முடியைப் பார்த்து ஒதுங்கும். குயில் வகைப் பறவைகள் ஒதுங்குவதில்லை. அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் இதை விரும்பித் தின்னும். அக்காக்குயில் புழுவைப் பிடித்ததும் அழுத்தி, கிளையில் தேய்த்து, குடலைப் பிதுக்கி எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். விஷம் பெரும்பாலும் குடலில் இருப்பதால் இந்த ஏற்பாடு. வயிற்றுக்குள் போன முடியை உருண்டையாக்கித் துப்பிவிடும். சின்னக் குளவிகளும் புழுவின் உடம்பில் முட்டையிடும். ஒரு புழுவின் மேல் வெள்ளை அரிசி ஒட்டியதுபோல இருந்தால் அதைக் கொல்லாதீர்கள். அந்த அரிசி ஒவ்வொன்றும் ஒரு குளவிக் கூடு; வெளியே வந்து இன்னும் பல புழுக்களை முடிக்கும். கடும் விஷத்தை அடித்தால் குளவியும் சாகும். அடுத்த வருடம் புழுக்கூட்டம் இன்னும் பெருகும்.

தெருவே சேர்ந்தால்...

நம் மரத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. அடுத்த வீட்டு மரத்திலிருந்து அந்துப்பூச்சி பறந்து வரும். பயிரைத் தாக்கும் பூச்சியைத் தனி ஒருவரால் ஒழிக்க முடியாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே புரிந்துபோன விஷயம். அதனால்தான் 1919-ல் சென்னை மாகாணத்தில் விவசாயப் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இப்படி மாகாணச் சட்டம் போட்டதில் சென்னைதான் முன்னோடி. கடலைக் கொல்லைகளில் மழை பெய்த இரவுகளில் ஊரே சேர்ந்து சொக்கப்பானை மாதிரி தீ மூட்டி, அந்துப்பூச்சியை இழுத்ததும் இந்தக் கணக்கில்தான்.

வீட்டு முருங்கைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு தெருவில் பத்து மரம் இருந்தால், ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து வீட்டுக்காரர்களும் வாளியும் துடைப்பமுமாக இறங்கினால் போதும். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டு மரத்தை இளவட்டங்கள் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் முருங்கை இருந்தால் முதல் வேலையாக அதைப் பார்க்க வேண்டும். அங்கே தொட்டுப் பார்க்கும் கைகள் சின்னக் கைகள். ஆளில்லாத மனையில் புழு அப்பிய மரம் இருந்தால் ஊராட்சியில் சொல்லுங்கள். மருந்து பற்றிய சந்தேகத்துக்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தைக் கேட்கலாம். உழவர் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் பேசலாம்.

லண்டனிலும் இந்தத் தொல்லை உண்டு. 2006-லிருந்து அங்கே ஓக் மரங்களில் வரிசை கட்டி ஊரும் ஒரு கம்பளிப்பூச்சி பரவி, பூங்காக்களில் ‘தொடாதீர்கள்’ என்று எச்சரிக்கைப் பலகை வைக்கிறார்கள். கூட்டை அகற்ற, பயிற்சி பெற்ற ஆட்கள் கவச உடை போட்டு வருகிறார்கள். அதற்காக ஊரிலுள்ள ஓக் மரங்களையெல்லாம் அவர்கள் வெட்டிச் சாய்க்கவில்லை.

மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால், மொட்டையான முருங்கை மறுபடி துளிர்க்க ஆரம்பித்துவிடும். கார்த்திகை முடிவதற்குள் புதுத்தழை வந்துவிடும். அதுவரை தினமும் காலையில் பத்து நிமிடம் அடிமரத்தைப் பாருங்கள். அரிவாளை எடுக்கும் முன் வாளியை எடுங்கள். தை மாதம் அதே மரத்துக் கீரை உங்கள் வீட்டு அடையில் இருக்கும்.